தண்ணீர் குடிப்பது பற்றி மலையில் என்னிடம் கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஒரு தேயிலைத் தோட்ட டிஸ்பென்சரியில் பிரஷர் பார்க்கும் மேசைக்குப் பின்னால் பல வருடங்கள் உட்கார்ந்தவள் நான். கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடிக்கும்போது பேசக் கூடாது என்று எத்தனை முறை சொன்னாலும், அந்த அரை நிமிடத்தில்தான் எல்லாருக்கும் சந்தேகம் வரும். மருந்தைப் பற்றிக் கேட்டவர்களைவிடத் தண்ணீரைப் பற்றிக் கேட்டவர்களே அதிகம். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னதால் இப்போது எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் என்கிறார்களே மிஸ்ஸி, அது எங்கே இருக்கிறது?

குடத்தில் இருப்பது போல ஓரிடத்தில் தேங்கி நிற்பதில்லை. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடம்பில் ஏறக்குறைய 25 லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களுக்குள்ளே இருக்கிறது. மிச்சம் அந்த அணுக்களுக்கு இடையிலும் இரத்தத்திலும் ஓடுகிறது. தசையில் முக்கால் பங்கு தண்ணீர், கொழுப்பில் மிகக் குறைவு. அதனால்தான் ஆண்களுக்குச் சுமார் 60 சதவீதம், பெண்களுக்கு 50 முதல் 55 சதவீதம் என்று கணக்கு மாறுகிறது. பிறந்த குழந்தைக்கு முக்கால் பங்கு. வயது ஏற ஏறத் தசை வற்றி, தண்ணீரும் குறைகிறது.

அது அங்கே என்ன வேலை செய்கிறது? சும்மா ஈரம்தானே?

சாப்பிட்ட ரொட்டி உடைவதே தண்ணீரால்தான். மாப்பொருளும் புரதமும் சிறு துண்டுகளாகப் பிரியும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு துளித் தண்ணீர் செலவாகிறது. எச்சில், இரைப்பைச் சாறு, பித்தம், குடற்சாறு என்று ஒரு நாளில் சுமார் 7 லீற்றர் நீரை உடம்பே குடலுக்குள் ஊற்றுகிறது. நாம் குடிப்பதும் உண்பதும் சேர்ந்தால் 9 லீற்றர். மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிலீற்றர் மட்டும். மிச்சம் முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றோட்டம் வந்தால் ஆள் ஏன் ஒரே நாளில் வாடிப் போகிறார் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும்.

சிறுநீரகம் இன்னும் பெரிய வேலைக்காரன். ஒரு நாளில் 180 லீற்றர் வடிகட்டுகிறது. அதில் ஒன்றரை லீற்றர் அளவை மட்டும் வெளியே விட்டு, மற்றதைத் திருப்பி எடுக்கிறது. குறைந்தது அரை லீற்றர் சிறுநீராவது போனால்தான் கழிவு வெளியேறும். வியர்வையாக வெளியேறி உடம்பின் சூட்டைத் தணிப்பதும் இதே தண்ணீர்தான்.

ஒரு நாளைக்கு எட்டுக் கிளாஸ் கட்டாயமா?

1945இல் அமெரிக்காவின் உணவு, ஊட்டச்சத்துச் சபை ஒரு பரிந்துரை வெளியிட்டது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு இரண்டரை லீற்றர் தண்ணீர் போதும் என்றது. தொடர்ந்து, அதில் பெரும்பகுதி உணவிலேயே இருக்கிறது என்றும் சொன்னது. அந்தக் கடைசி வரியை உலகம் படிக்கவில்லை.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2010இல் சொன்ன அளவு பெண்களுக்கு 2 லீற்றர், ஆண்களுக்கு இரண்டரை லீற்றர். உணவும் பானமும் சேர்த்துத்தான் இது. ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்து வந்துவிடும் என்று வைத்தால், ஒரு பெண் குடிக்க வேண்டியது 1.6 லீற்றர். 200 மில்லிலீற்றர் கோப்பையால் அளந்தால் எட்டு! ஆக, எண் அவ்வளவு தப்பில்லை. ஆனால் அந்த எட்டில் தேத்தண்ணீர், கஞ்சி, ரசம், பால் எல்லாம் சேரும். வெயிலில் மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இதற்கு மேலும் வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் 700 மில்லிலீற்றர் கூடுதலாக வேண்டும்.

நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை, பிளேன்டீதான். அது உடம்பை வற்றச் செய்யும் என்கிறார்கள், உண்மையா?

இல்லை. தேயிலையில் உள்ள கஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டுவது உண்மை. பழகிய உடம்பில் அந்தக் கொஞ்சமும் குறைந்துவிடும். ஒரு கோப்பை குடித்தால் ஏறக்குறைய ஒரு கோப்பையும் கணக்கில் சேரும். தேயிலை நட்டு, கொழுந்து பறித்து, உலகத்துக்கே குடிக்கக் கொடுத்தவர்களிடம் வந்து தேத்தண்ணீர் கெடுதல் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை.

என் வழக்கு வேறு இரண்டு விஷயங்களோடு. முதலாவது சீனி. கோப்பைக்கு இரண்டு கரண்டி, நாளைக்கு ஆறு கோப்பை என்றால் 12 கரண்டி, ஏறக்குறைய 50 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு பெரியவருக்கு நாள் முழுவதும் வைத்திருக்கும் மேல் எல்லையே அவ்வளவுதான். அதில் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்கிறது. பழைய ஆட்கள் உள்ளங்கையில் துளி சீனியை வைத்து, நாக்கால் தொட்டுத் தொட்டு ஒரு கோப்பைச் சாயத்தையும், அதாவது பிளேன்டீயையும், குடித்து முடிப்பார்கள். பஞ்ச காலத்துப் பழக்கம் என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பழக்கத்தை விட்டிருக்கக் கூடாது என்பது என் கட்சி.

இரண்டாவது, இரும்புச்சத்து. தேநீரில் உள்ள துவர்ப்பு, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டோடு சாயம் குடித்தால், உடம்புக்குச் சேர வேண்டிய இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடும். இரத்தசோகை உள்ள பெண்களும் கர்ப்பிணிகளும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் தேத்தண்ணீரைத் தள்ளி வைக்க வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையைத் தேத்தண்ணீரோடு விழுங்கினால் மாத்திரைக்குத்தான் நட்டம். வெறும் தண்ணீரோடு, முடிந்தால் தேசிக்காய்ச் சாறு பிழிந்து விழுங்குங்கள்.

சோற்றிலும் மரக்கறியிலும் தண்ணீர் இருக்கிறதா?

நிறைய. நம் மலையில் விளையும் கோவாவிலும் முள்ளங்கியிலும் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். கரட் 88 சதவீதம், உருளைக்கிழங்கு சுமார் 79. வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு. பாணில் மூன்றில் ஒன்றைவிடச் சற்று அதிகம். ஆகவே காலையில் ரொட்டியும் கட்டச் சம்பலும், பகலில் பாணும் என்று நாளை ஓட்டுகிறவர், சோறும் ரசமும் சாப்பிடுகிறவரைவிடக் கூடுதலாகக் குடிக்க வேண்டும்.

குளிரில் தாகமே எடுப்பதில்லை. ஆனால் சிறுநீர் மட்டும் அடிக்கடி வருகிறது. எங்கிருந்து வருகிறது?

உங்கள் கை காலிலிருந்து என்று சொல்லலாம். குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. அங்கே ஓடிய இரத்தம் நெஞ்சுப் பக்கம் கூடுகிறது. உடம்பில் நீர் அதிகமாகிவிட்டது என்று மூளை ஏமாந்து, நீரைப் பிடித்து வைக்கும் ஹோர்மோனைக் குறைத்துவிடுகிறது. சிறுநீர் பெருகுகிறது, தாகமும் அடங்கிவிடுகிறது. போதாததற்கு, உயரத்துக் காற்று காய்ந்திருக்கும் நாட்களில் ஒவ்வொரு மூச்சோடும் ஈரம் போகிறது. மார்கழி, தை மாதக் காலையில் வாயிலிருந்து புகை போல வருகிறதே, அது நீங்கள் குடித்த தண்ணீர்தான்.

அதனால் நுவரெலியாப் பக்கத்தில் இருப்பவர்கள் தாகத்தை மட்டும் நம்பக் கூடாது. வெப்பம் கூடிய பசறை, மொனராகலைப் பக்கம் தாகம் சரியாகவே மணி அடிக்கும்.

மலையில் ஒதுங்க இடம் இல்லை மிஸ்ஸி. அதனால் காலையிலிருந்து குடிப்பதில்லை. அது அவ்வளவு தப்பா?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். ஒருமுறை ஒரு அம்மா தன் பையிலிருந்து போத்தலை எடுத்து மேசையில் வைத்தார். காலையில் மகள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர், மாலை நான்கு மணிக்கும் கழுத்துவரை அப்படியே இருந்தது. "குடித்தால் போக வேண்டும். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை, கீழே அட்டை, மேலே கங்காணி. எங்கே போவது?" என்றார். அடிவயிற்று வலிக்கும் சிறுநீர் எரிச்சலுக்கும் அவர் வந்தது அந்த வருடத்தில் மூன்றாவது முறை.

தப்பு அவருடையது இல்லை. ஆனாலும் உடம்பு அதைக் கேட்காது. பெண்களின் சிறுநீர்ப் பாதை குட்டை. கிருமி எளிதில் உள்ளே ஏறிவிடும். அதைக் கழுவித் தள்ளுவது சிறுநீரின் ஓட்டம்தான். குடிக்காமலும் இருந்து, அடக்கியும் வைத்தால் கிருமிக்கு நாள் முழுவதும் தங்குமிடம். குறைவாகக் குடிக்கும், அடிக்கடி சிறுநீர்த் தொற்று வரும் பெண்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கூடுதலாகக் குடித்தவர்களுக்குத் தொற்று ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. இன்னொன்று, 50 கிலோ பெண் ஒரு லீற்றரை இழந்தாலே உடம்பு எடையில் 2 சதவீதம் போய்விடுகிறது. தலைவலியும் களைப்பும் அங்கே தொடங்கிவிடும். பிற்பகல் தலையிடிக்கு இரண்டு பெனடோல் கேட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது ஒரு கோப்பைத் தண்ணீர்.

இருக்கிற நிலைமையில் செய்யக்கூடியது: எழுந்தவுடன், ஐந்து மணிக்கே இரண்டு கோப்பை குடித்துவிடுங்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரத்தில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும், மலைக்குப் போகுமுன் லயத்து வீட்டிலேயே வேலை முடியும். பத்து மணிக்குக் கொஞ்சம் கொஞ்சமாக. பகல் சாப்பாட்டுக்கு வந்ததும் நன்றாக. வேலை முடிந்து வந்ததும் மறுபடி. இது ஒட்டுப் போடுவதுதான். மலைக்கு அருகில் தண்ணீர் வசதியோடு ஒரு கழிப்பறை கட்டுவதுதான் வைத்தியம். அதைப் பெண்களிடம் சொல்வதில் பயனில்லை, கட்ட வேண்டியவர்களிடம் சொல்ல வேண்டும்.

போதுமான அளவு குடிக்கிறேனா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அளவுக் கோப்பை வேண்டாம், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். சாயம் இறங்காத முதல் தண்ணீர் நிறம் என்றால் நல்லது. கடும் பிளேன்டீ நிறம் என்றால் குறைவு. விற்றமின் மாத்திரை குடிக்கிறவர்களுக்குப் பளிச்சென்ற மஞ்சளாகப் போகும், அது கணக்கில் இல்லை. நன்றாகக் குடித்தும் நிறம் கறுத்தே இருந்து, கண்ணும் மஞ்சளித்தால் அது செங்கமாரியாக, அதாவது மஞ்சள் காமாலையாக இருக்கலாம். உடனே வாருங்கள்.

எங்கள் பீலித் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதையும் கொதிக்க வைக்க வேண்டுமா?

வேண்டும். ஊற்று நீர் வந்து விழும் உங்கள் பீலிக்கு மேலே என்ன இருக்கிறது என்று ஒருநாள் ஏறிப் பாருங்கள். மாட்டுக் கொட்டகை இருக்கும், இன்னொரு லயத்தின் கழிவுக் குழி இருக்கும், மழைக்கு அவையெல்லாம் கீழே இறங்கும். நெருப்புக்காய்ச்சல் (டைபொயிட்), செங்கமாரி, வயிற்றுளைவு இவற்றின் கிருமிகள் தண்ணீரைக் கலங்க வைப்பதில்லை. பெருமழைக்கு அடுத்த வாரம் இன்னும் கவனம் வேண்டும்.

கொதிக்க வைத்துவிட்டு, ஆறிய தண்ணீருக்குள் பிள்ளைகள் கையோடு கோப்பையை முக்கினால் விறகு செலவானதுதான் மிச்சம். மூடி போட்ட பாத்திரம், நீண்ட கைப்பிடி அகப்பை, இரண்டும் இருந்தால் போதும்.

நுவரெலியாவில் தண்ணீர் சூடேறுமுன்பே கொதித்துவிடுகிறதாம். அப்போது கிருமி சாகுமா?

நல்ல கேள்வி, ஓ.எல். படிக்கும் ஒரு பையன் கேட்டது. உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் கொதிநிலையும் இறங்குகிறது. கொழும்பில் 100 பாகை செல்சியஸ் என்றால், 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் சுமார் 94 பாகை. பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். ஆனால் நோய்க் கிருமிகளுக்கு அவ்வளவு சூடு தேவையில்லை. செங்கமாரி வைரஸே 85 பாகையில் ஒரு நிமிடத்தில் செயலிழந்துவிடும். குமிழ் எழும்பி நன்றாகக் கொதித்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். 2000 மீற்றருக்கு மேலே, ஹோட்டன் சமவெளி போன்ற இடத்தில் என்றால் மூன்று நிமிடம்.

மரக்கறித் தோட்டத்து உரமும் மருந்தும் கலந்தால், கொதிக்க வைத்தால் போய்விடுமா?

போகாது. தண்ணீர் ஆவியாகி, உரத்திலிருந்து வரும் நைத்திரேற்று இன்னும் செறிவாகும். கிருமிக்குத்தான் நெருப்பு வைத்தியம். தோட்டங்களுக்குக் கீழே இருக்கும் ஊற்றைக் குடிக்கப் பயன்படுத்தினால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லித் தண்ணீரைச் சோதிக்கக் கேளுங்கள். போத்தல் பால் குடிக்கும் கைக்குழந்தை இருக்கும் வீட்டார் இதில் முந்திக்கொள்ள வேண்டும். நைத்திரேற்று மிகுந்தால் குழந்தையின் இரத்தத்தால் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும்.

பேரனுக்கு மூன்று மாதம். விக்கல் வருகிறது, இரண்டு சொட்டுத் தண்ணீர் கொடுக்கலாமா?

வேண்டாம் ஆச்சி. தாய்ப்பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை வெறும் தண்ணீரும் வேண்டாம், ஓமத் தண்ணீரும் வேண்டாம், கொத்தமல்லித் தண்ணீரும் வேண்டாம். சின்ன வயிற்றைத் தண்ணீர் நிரப்பினால் பால் குறையும். மழலையின் சிறுநீரகத்துக்கு அதிகத் தண்ணீரை வெளியே தள்ளவும் தெரியாது. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்புகூட வரலாம். விக்கல் தானாக நிற்கும்.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி எதற்கு? வெறும் தண்ணீர் போதாதா?

ஜீவனி என்பது உப்பும் குளுக்கோசும் கலந்த பொட்டலம். குடல் 9 லீற்றரைத் திரும்ப எடுக்கிறது என்று மேலே சொன்னேனே, அது எடுக்கும் வழி உப்போடும் குளுக்கோசோடும்தான். இரண்டும் கைகோத்துக் குடற்சுவருக்குள் போகும்போது தண்ணீர் பின்னாலேயே போகிறது. வயிற்றோட்டத்திலும் இந்த வாசல் பெரும்பாலும் திறந்தே இருக்கிறது. 1971இல், வங்காளதேசப் போரின்போது, எல்லைக்கு இந்தப் பக்கம் இந்தியாவில் இருந்த பொங்கான் அகதி முகாமில் கொலரா பரவியது. ஊசியால் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோனதும், மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பீப்பாய்களில் வைத்து உறவினர்களைக் கொண்டே குடிக்கக் கொடுத்தார். 30 சதவீத அளவில் இருந்த மரணம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரையுங்கள். பாதிப் பொட்டலம், கண் அளவு என்றெல்லாம் வேண்டாம். பொட்டலம் கிடைக்காத இரவில், ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் தேக்கரண்டியால் தட்டையாக ஆறு கரண்டி சீனி, அரைக் கரண்டி உப்பு. கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். இளநீரில் உப்பு போதாது. குழந்தை குடிக்க மறுத்தால், கண் குழிந்தால், சிறுநீர் நின்றால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள்.

வேர்க்க உழைப்பவர்களுக்கு உப்புப் போட்ட தேத்தண்ணீர் நல்லது என்று மாமி சொல்கிறார். நல்லதுதானே?

மாமியின் காலத்தில் கறிக்கு உப்பே அருமையாக இருந்திருக்கலாம். இப்போது கருவாடும் சம்பலும் ஊறுகாயும் அதைத் தாராளமாகத் தருகின்றன. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தட்டைத் தேக்கரண்டிக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஆய்வுகள் உப்புத் தேநீரை உயர் பிரஷரோடு சேர்த்தே சுட்டியிருக்கின்றன. ஜீவனிக்கு உப்பு நல்லது என்றால் தேத்தண்ணீருக்கும் நல்லதாகிவிடாது.

கந்த சஷ்டி விரதத்தில் மூன்று நாளில் இரண்டு கிலோ குறைந்தேன். கொழுப்புக் கரைந்ததா?

பெரும்பாலும் தண்ணீர். உடம்பு சேமித்து வைக்கும் மாச்சத்து ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். பட்டினியில் முதலில் கரைவது அதுதான். பாரணைச் சோற்றோடு எடையும் திரும்ப வந்துவிடும். முருகனுக்கு இருந்த விரதத்தைத் தராசில் நிறுக்காதீர்கள்.

அநுராதபுரத்தில் தண்ணீரால் சிறுநீரகம் கெடுகிறதாமே, நமக்கும் வருமா?

1990களிலிருந்து வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளிடையே பரவிய நோய் அது. பதுளை மாவட்டத்தில் தாழ்வான கிராந்துருக்கோட்டைப் பக்கமும் காணப்படுகிறது. அங்கே கிணற்று நீர் கடினமானது, புளோரைட்டும் கூடுதல். அதோடு வெப்பம், வேளாண் மருந்துகள் எனப் பலவற்றைச் சந்தேகிக்கிறார்கள், ஒரே காரணம் நிறுவப்படவில்லை. மழை கழுவும் நம் மலை ஊற்று நீர் மென்மையானது. நம் பக்கம் சிறுநீரகத்தைக் கெடுப்பவற்றில் முதலில் வருவது சீனி வருத்தமும் பிரஷரும்தான்.

அதிகமாகக் குடித்தால் ஒன்றும் ஆகாதுதானே?

ஆகும். சிறுநீரகத்தால் மணிக்கு ஒரு லீற்றர் அளவைத்தான் வெளியேற்ற முடியும். அதற்கு மேல் ஒரேயடியாகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்து மூளை வீங்கலாம். இதயமோ சிறுநீரகமோ பலவீனமாகி, தண்ணீரைக் குறைக்கும்படி டொக்டர் சொன்னவர்கள் மேலே எழுதிய எந்த அளவையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அம்மாவுக்கு 74 வயது. இரவில் எழுந்து வெளியே போகப் பயந்து பகலிலேயே குடிப்பதை நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

மலையில் பழகியது லயத்திலும் தொடர்கிறது. முதுமையில் தாக உணர்வு தானாகவே மங்கும். அதனால் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும். குடிப்பதை நிறுத்த வேண்டாம், நேரத்தை மாற்றுங்கள். பெரும்பகுதி பகல் இரண்டு மணிக்குள், கடைசிக் கோப்பை ஆறு மணிக்கு. கால் வீக்கம் இருந்தால் பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்கச் சொல்லுங்கள். காலில் தேங்கிய நீர் நடு இரவில் இறங்குவதற்குப் பதில் மாலையிலேயே இறங்கிவிடும். வீக்கம் ஏன் என்பதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள். பிரஷருக்குத் தண்ணீர் மாத்திரை குடிக்கிறார் என்றால் அதைக் காலையில் குடிக்கலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள். கட்டிலுக்கு அருகில் ஒரு டோர்ச் லைட்டும், மூடி போட்ட ஒரு வாளியும் வைத்துக் கொடுங்கள்.